நாற்பத்தாறாம் எண்

பற்களுக்கு எண் உண்டென்று
இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
கீழ்வரிசை, வலப்பக்கம், நாற்பத்தாறு.
இனி அது நிற்காது என்று மலாயில் சொல்லிவிட்டு
டாக்டர் ஊய் ஊசியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்,
பிறந்தநாள் பரிசை ஒளிப்பவர் மாதிரி.

சாக்கிட்? என்றார்.
இல்லை என்று கையை ஆட்டினேன்.
உதட்டில் பாதி அப்போதே
வேறு யாருடையதாகவோ ஆகியிருந்தது.
எலும்புக்குள் ஒரு சத்தம்,
வருடக்கணக்காய்த் திறக்காத இழுப்பறை
ஒரே இழுப்பில் வெளியே வந்ததுபோல்.
பஞ்சைக் கடித்துக்கொள்,
பேசாதே,
சூடாக எதுவும் வேண்டாம்.
பல்லைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள்.
எதற்கென்று கேட்க வாயில்லை.

தையற்கடையில் ஜீவாவின் காற்சட்டை.
மருந்துக்கடை. ஐஸ் ஒரு பை.
மாக் சூ வீட்டில் நாலு நாற்காலி இரவல் கேட்கவேண்டும்,
அதைச் சைகையில் எப்படிக் கேட்பது என்று யோசித்தபடியே
சௌராஸ்தா பாசாருக்குள் நுழைந்தால்
மணி பத்தரை,
மீன்காரன் ஆ செங் தண்ணீர் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

பாவால் என்று சொல்ல
உதடு இரண்டும் ஒட்டவேண்டும்.
'ஆவால்' வந்தது, கூடவே எச்சில்.
விரலை நீட்டினேன்.
விரலுக்கும் பாவாலுக்கும் நடுவில்
நீலக்கால் நண்டுகள்.
ரெண்டு கிலோவா, மூணா? என்றான்.
பின்னால் மூன்று பேர் நின்றார்கள். தலையாட்டிவிட்டேன்.
சில்லறையைக் கொட்டும்போது
ஐம்பது காசோடு நாற்பத்தாறும் விழுந்தது.
அதை மட்டும் திருப்பித் தந்தான், முகம் மாறாமல்.

குழம்புக்கு உப்பு பார்த்தவன் திவ்யேஷ்.
மூன்று தடவை பார்த்தான்,
மூன்று தடவையும் வேறுவேறு சொன்னான்.
பெண்வீட்டார் கூலிமிலிருந்து கிளம்பியாயிற்று என்றான் அப்புறம்.

ஒரு மணிக்கு வந்தார்கள்,
பாலம் முழுக்க ஜாம் என்று சொல்லிக்கொண்டே.
சஷ்வினி, அவள் அம்மா, அப்பா, ஒரு பழக்கூடை.
என் வீட்டில் பேசுகிறவள் நான்.
ஜீவரத்தினம் இருபத்தெட்டு வருடமாக
'அவளைக் கேளுங்க' என்ற இரண்டே சொல்லில்
குடும்பம் நடத்துகிறவர்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கன்னத்தைக் காட்டினேன்.
எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

காற்றாடி. நண்டு ஓடு உடையும் சத்தம்.
சஷ்வினியின் அப்பா ஒரு காலை உறிஞ்சிவிட்டு
அடுத்ததை எடுத்தார்.

"பெர்ரியிலதான் பார்த்தேன்" என்றார் ஜீவா,
யாரும் எதுவும் கேட்காதபோது.
"பட்டர்வொர்த் பக்கம் மழை.
மஞ்சக் குடை பிடிச்சிருந்தா.
அதுக்கப்புறம் மூணு மாசம்,
வேலை இல்லாத நாள்லயும் ஏறினேன்."

மூன்று மாதமா?
எல்லாம் தற்செயல் என்றல்லவா
என்னிடம் சொல்லியிருந்தார்.

அத்தோடு அந்தக் குடை மஞ்சளே இல்லை.
கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினேன்.
கஞ்சி போதவில்லையாக்கும் என்று
சஷ்வினி எழுந்து ஊற்றினாள்.
நல்ல பெண்தான்.
அவள் அம்மா முழங்கை வரை வழிந்த குழம்பைத் துடைத்துக்கொண்டே
அப்புறம்? அப்புறம்? என்றார்.
அவரும் சொல்லிக்கொண்டே போனார்.
இவ்வளவு சொற்களை எங்கே வைத்திருந்தாரோ.
தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.
சித்திரைக்கு நான் நீட்டிய விரல்களை
யாரும் எண்ணவில்லை.

மூன்று மணிக்குக் கார் கிளம்பியது.
சட்டி கழுவ நின்றபோது
உதட்டில் எறும்பு ஊரத் தொடங்கியது,
பின்னாலேயே வலியும்.
ஜீவா பக்கத்தில் வந்து
துணியை எடுத்துத் தட்டு துடைத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"மஞ்சள்தானே?" என்றார்.

உதடு இரண்டையும் ஒருமுறை ஒட்டிப் பார்த்தேன்.
ஒட்டின.

"பச்சை" என்றேன்.
"அதுவும் இரவல்."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்,
எப்போதோ காய்ந்துவிட்ட தட்டை.